ரெண்ட் டு பை: கட்டுற வாடகை வீட்டு விலையில கழியுமோ?

கேள்வி:
இங்கிலாந்தில ஹவுசிங் அசோசியேஷன்காரர் (லாபநோக்கில்லாத வீட்டு அமைப்புகள்) விடுற ரெண்ட் டு பை வீடுகளைப் பற்றிக் கேக்கிறன், குறைஞ்ச வாடகைக்கு இருந்து பிறகு வாங்கிற வீடுகள். மாசச் சந்தை வாடகை 1,200 பவுண், இவைக்கு 960 கட்டினாக் காணும். இப்பத்த விலை 280,000. கட்டுற வாடகை விலையில கழியுமோ? ஐஞ்சு வருசம் கழிச்சும் இதே விலைக்குத் தருவினமோ? விசயம் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

பதில் 1:
இரண்டுக்கும் இல்லை. கட்டிய வாடகை போனதுதான், ஒரு பென்னியும் கழியாது. வாடகையில் 20 வீதம் குறைவு, அவ்வளவுதான் சலுகை. மிஞ்சும் 240 பவுணை நீங்களே சேர்க்க வேண்டும். விலையும் வாங்கும் நேரத்துச் சந்தை விலை, ஆர்.ஐ.சி.எஸ். (சொத்து மதிப்பீட்டாளர்களின் தொழில்சார் அமைப்பு) மதிப்பீட்டாளர் போடுவது.

வேல்ஸில் வந்த ரெண்ட் டு ஓன் திட்டத்தோடு குழப்பிக்கொள்கிறீர்கள் போல. அங்கே முழுச் சந்தை வாடகை கட்டி, வாங்கும்போது அதில் 25 வீதமும் விலையேற்றத்தில் பாதியும் டிப்பொசிட்டுக்கு (முற்பணத்துக்கு) கிடைக்கும். பெயர் கிட்டத்தட்ட ஒன்று, கணக்கு தலைகீழ்.

பதில் 2:
அந்த 240ஐ சும்மா சேவிங்ஸில் போடாதீர்கள். 40 வயதுக்கு முன் லைஃப்டைம் ஐசா (முதல் வீட்டுக்கோ ஓய்வுக்கோ சேர்க்கும் கணக்கு) திறந்தால், வருடம் 4,000 பவுண் வரை போடலாம், அரசு 25 வீதம் சேர்க்கும். ஐந்து வருடத்தில் உங்கள் 14,400உம் அரசின் 3,600உம் சேர்ந்து 18,000.

இனி மற்றப் பக்கம். விலை வருடம் 3 வீதம் ஏறினால் 280,000 வீடு ஏறக்குறைய 324,600. 5 வீத டிப்பொசிட் 16,230. முதல் வீடு வாங்குவோருக்கு 300,000 வரை ஸ்டாம்ப் டியூட்டி (வீடு வாங்கும்போது கட்டும் அரசு வரி) இல்லை, அதற்கு மேல் 5 வீதம், இங்கே 1,230. மிச்சம் 540 பவுண். சொலிசிட்டர் செலவுக்கே அது காணாது. ஆகவே மாதம் 300 என்று வையுங்கள், 240ஓடு நிற்காதீர்கள்.

ஐசா காசை நீங்கள் எடுக்கக் கூடாது, சொலிசிட்டர் மூலம்தான் வர வேண்டும். அவசரத்துக்கு என்று நீங்களே எடுத்தால் 18,000இல் 25 வீதம் வெட்டி 13,500 தருவார்கள். போட்டதிலேயே 900 நட்டம். கணக்கில் முதல் காசு போட்டு 12 மாதம் ஆகியிருக்க வேண்டும், வீடு 450,000க்கு மேல் போகக் கூடாது, மோட்கேஜில் (வீட்டுக் கடனில்) வாங்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. ஐஞ்சு வருசத்தில வாங்கேலாமப் போனா எழும்பச் சொல்லுவினமோ?

பதில் 1:
ஐந்து வருடம் என்பது அசோசியேஷனுக்கான கட்டுப்பாடு: அதுவரை வீட்டை இந்த வாடகைக்கு விட வேண்டும். பிறகு விற்க நினைத்தால் முதலில் உங்களிடம் கேட்க வேண்டும். நீங்கள் மறுத்தால் வேறு ஆளுக்கு விற்கலாம், தொடர்ந்து வாடகைக்கும் விடலாம். எதைச் செய்வார்கள் என்று கையெழுத்துக்கு முன் எழுத்தில் கேளுங்கள். வாடகைப் பாக்கி வைக்கவே வேண்டாம், பிறகு மோட்கேஜ் கேட்கும்போது அது முன்னால் வந்து நிற்கும்.

பதில் 3:
ஃபிளாட் என்றால் ஒன்று. அந்த 960க்குள் சேர்விஸ் சார்ஜும் (கட்டடத்தின் பொதுப் பராமரிப்புக் கட்டணம்) அடக்கம், அதனால் கண்ணுக்குத் தெரியாது. வாங்கிய மாதத்திலிருந்து அது தனி பில், உள்வீட்டுத் திருத்த வேலையும் உங்கள் தலையில். கடைசி மூன்று வருட சேர்விஸ் சார்ஜ் கணக்கை இப்போதே கேட்டு வாங்கி, மோட்கேஜ் தவணையோடு கூட்டிப் பாருங்கள்.