கம்போடியாவில் எதிர்க்கட்சியின் தொண்டர்கள் எங்கே போனார்கள்?

கரைப்புன்னை கேட்டது:

1993இல் ஐ.நா. முன்னின்று நடத்திய தேர்தலோடு கம்போடியாவில் பல கட்சி அரசியல் மீண்டும் தொடங்கியது. 2013இல் கம்போடிய தேசிய மீட்புக் கட்சி 55 இடங்களைப் பிடித்து, ஆளும் கம்போடிய மக்கள் கட்சியை 68இல் நிறுத்தியது. அடுத்த தேர்தலிலேயே, 2018இல், 125 இடங்களும் ஆளும் கட்சிக்குப் போய்விட்டன. ஏறக்குறைய பாதி நாட்டின் ஆதரவைப் பெற்ற கட்சி இவ்வளவு சத்தமில்லாமல் எப்படிக் காணாமல் போனது? தலைவர்களுக்கு என்ன ஆனது என்று படித்துவிட்டேன். தொண்டர்கள் என்ன ஆனார்கள்? அங்கே இருந்தவர்கள் சொல்லுங்கள்.

வரிக்குதிரை:

எல்லாம் சட்டப்படி நடந்தது, அதுதான் விசேஷம். குற்றவாளி எனத் தீர்ப்பானவர் கட்சித் தலைவராக இருக்கக் கூடாது என்று 2017 பிப்ரவரியில் சட்டத்தைத் திருத்தினார்கள். வெளிநாட்டில் இருந்த மீட்புக் கட்சித் தலைவர் சாம் ரைன்சி அது நிறைவேறும் முன்பே பதவி விலகினார். அடுத்துத் தலைவரான கெம் சொகாவைச் செப்டம்பரில் நள்ளிரவில் வீட்டுக்கே போய்ப் பிடித்துத் தேசத்துரோக வழக்குப் போட்டார்கள். நவம்பர் 16 அன்று உச்ச நீதிமன்றம் கட்சியைக் கலைத்து, 118 பேருக்கு ஐந்தாண்டு அரசியல் தடையும் விதித்தது. அப்போதைய தலைமை நீதிபதி ஆளும் கட்சியின் உயர்மட்டக் குழுவில் உறுப்பினராக இருந்தவர். இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்?

நொம்பென்வாசி:

வரிக்குதிரை சொன்னது மேல்மாடிக் கதை. கரைப்புன்னை கேட்டது கீழே நடந்ததை. நான் அப்போது தலைநகர் நொம்பென்னில் ஓர் ஆயத்த ஆடை ஆலையில் தரச் சோதனை பார்த்துக்கொண்டிருந்தேன்.

2017 ஜூனில் கொம்யூன் தேர்தல் நடந்தது. கொம்யூன் என்பது சில கிராமங்கள் சேர்ந்த ஊராட்சி. பிறப்புச் சான்று, திருமணப் பதிவு எல்லாம் அங்கேதான். அந்த அலுவலகத்தைப் பகைத்துக்கொண்டு கிராமத்தில் யாரும் குடும்பம் நடத்த முடியாது. மீட்புக் கட்சி அந்தத் தேர்தலில் 489 கொம்யூன்களைப் பிடித்தது. 5,007 பேர் உறுப்பினர் ஆனார்கள். நாடாளுமன்றத்தின் 55 இடங்களைவிட இந்த 5,007தான் ஆளும் கட்சியின் தூக்கத்தைக் கெடுத்தது என்பது என் கணிப்பு.

தீர்ப்பு வருவதற்கு முன்பே பிரதமர் ஹுன் சென் வெளிப்படையாக அழைத்தார்: எங்கள் கட்சிக்கு வந்துவிடுங்கள், பதவி தங்கும். சிலர் போனார்கள். போகாதவர்களின் இடங்களைப் பிடுங்கிப் பங்கிட்டபோது பெரும்பகுதி ஆளும் கட்சிக்கே போய்ச் சேர்ந்தது.

எங்கள் ஆலையில் காலர் தைத்த ஒரு பெண்ணின் தகப்பனார் அப்படிப் போகாத ஓர் உறுப்பினர். அவரை யாரும் அடிக்கவில்லை. கிராமத் தலைவர் மட்டும் சாயங்காலம் வந்து, தூண்கள்மேல் நிற்கும் வீட்டுக்கு அடியில் கிடக்கும் மரக்கட்டிலில் உட்கார்ந்து, மழை, நாற்று என்று பேசிவிட்டு, "மகள் நொம்பென்னில்தானே இருக்கிறாள்? எந்த ஆலை?" என்று விசாரித்தாராம். மறுநாளும் வந்து அதையே கேட்டாராம். பெரியவர் அந்த மாதமே எல்லை தாண்டித் தாய்லாந்துக்குக் கூலி வேலைக்குப் போய்விட்டார். கையில் இருந்த காலரை முடித்துக் கூடையில் போட்டுவிட்டுத்தான் அந்தப் பெண் இதைச் சொன்னாள்.

2018 ஜூலை 29 வாக்குப்பதிவு. யாரும் விரலில் மை வைத்துக்கொள்ள வேண்டாம், 'சுத்தமான விரல்' காட்டுங்கள் என்று சாம் ரைன்சி வெளிநாட்டிலிருந்து சொல்லியிருந்தார். விடுமுறை முடிந்து ஆலை திறந்த அன்று எங்கள் மேற்பார்வையாளர் ஒவ்வொரு மேசையாக நின்றார். தையலைப் பார்ப்பதாகப் பேர், பார்த்தது சுட்டுவிரலை. எங்கள் வரிசையில் எல்லா விரலிலும் மை இருந்தது. நாடு முழுவதும் எண்ணியபோது செல்லாத வாக்குகள் ஏறக்குறைய 6 இலட்சம்! போய் நின்று, மையும் வைத்துக்கொண்டு, சீட்டைக் கெடுத்துவிட்டு வந்திருக்கிறார்கள். தொண்டர்கள் எங்கே என்று கேட்டீர்களே, அவர்களில் கொஞ்சம் பேர் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள்.

தூண்டில்முள்:

ஒரு பக்கம் மட்டும் பேசுகிறீர்கள். தலைவர் பாரிஸில் பத்திரமாக உட்கார்ந்துகொண்டு, கிராமத்து ஆளை மை இல்லாத விரலோடு நிற்கச் சொன்னது என்ன நியாயம்? வியட்நாம் வெறுப்பைக் கிளறி ஓட்டுக் கேட்டதும் அதே கட்சிதானே?

நொம்பென்வாசி:

இரண்டும் உண்மை. வியட்நாம் வம்சாவளி மீனவக் குடும்பங்களை அந்தக் கட்சியின் மேடைகள் பயமுறுத்தின, எனக்கு அதில் சமாதானமே இல்லை. அதற்குத் தண்டனை கொடுக்க வாக்காளர் இருந்தார்கள். அந்த வாய்ப்பைத்தான் நீதிமன்றம் பறித்தது.

பிறகு வந்த தந்திரம் இன்னும் நயமானது. தடை பெற்றவர்கள் தனித்தனியாக விண்ணப்பித்து அரசியல் உரிமையைத் திரும்பப் பெறலாம் என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். விண்ணப்பம் பிரதமர் வழியாகத்தான் மன்னருக்குப் போகும். போனவரைப் போகாதவர் நம்புவாரா? மிச்சம் இருந்தவர்கள் மெழுகுவர்த்திக் கட்சியில் திரண்டு 2022 கொம்யூன் தேர்தலில் 22 சதவீதம் வாக்கு வாங்கினார்கள். 2023 நாடாளுமன்றத் தேர்தலுக்குப் பதியப் போனபோது தேர்தல் குழு அவர்களிடம் கட்சிப் பதிவின் அசல் ஆவணத்தைக் கேட்டது. 2017இல் மீட்புக் கட்சி அலுவலகத்தைச் சோதனையிட்டபோதே அசல் போய்விட்டது என்றார்கள். நகலை ஏற்க முடியாது என்று விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். முந்தைய ஆண்டு அதே நகலோடுதான் போட்டியிட்டிருந்தார்கள்.

கரைப்புன்னை:

நன்றி. ஐரோப்பிய ஒன்றியம் கம்போடியப் பொருள்களுக்குத் தந்த வரிச்சலுகையைப் பறித்ததே, அதனால் ஏதாவது பயன் உண்டா?

நொம்பென்வாசி:

2020 ஆகஸ்டில், ஐரோப்பாவுக்குப் போகும் ஏற்றுமதியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குக்கு மட்டும் பறித்தார்கள். ஹுன் சென் அசையவில்லை. 2023இல் கெம் சொகாவுக்கு 27 ஆண்டு தண்டனை, அதே ஆண்டு ஹுன் சென்னின் மகன் ஹுன் மானெட்டுக்குப் பிரதமர் நாற்காலி. 2019இல் சலுகை போகலாம் என்று பேச்சு வந்தபோதே எங்கள் ஆலையில் பயந்தவர்கள் தையல் பெண்கள்தான். மதிய இடைவேளையில் என்னிடம் அவர்கள் கேட்டதெல்லாம், கூடுதல் நேர வேலை இருக்குமா இருக்காதா என்பது.