ராயபுரத்து வீட்டில் உசேனின் திரை அச்சு: வாங்குவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

காலடிப்பேட்டை ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் குடும்பத்துக்கு நெடுங்காலமாக வேண்டியவர்களின் ராயபுரத்து வீட்டில், ஓவியர் எம். எஃப். உசேனின் குதிரைகள் கொண்ட திரை அச்சுப் (ஸ்கிரீன் பிரிண்ட்) படம் ஒன்று பல ஆண்டுகளாகக் கூடத்துச் சுவரில் தொங்குகிறது. வீட்டை இடித்துக் கட்டப் போவதால் அதை விற்க நினைக்கிறார்கள். வெளியாருக்குக் கொடுக்கும் முன் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். படத்தின் கீழே இடப்புறம் 62/150 என்ற எண்ணும், வலப்புறம் தேவநாகரி எழுத்தில் கையொப்பமும் பென்சிலால் எழுதியவை போலத் தெரிகின்றன. விற்ற காட்சிக்கூடம் கொடுத்த சான்றிதழ் என்று ஒரு தாளும் இருக்கிறது. அதில் ஓவியரின் பெயரும் படத்தின் தலைப்பும் மட்டுமே உள்ளன. அளவும் இல்லை, எண்ணும் இல்லை.

பண்டரிபுரத்தில் பிறந்து, பம்பாய்க்குப் போய்ச் சினிமா விளம்பரப் பலகைகள் வரைந்து பிழைத்து, 1947இல் உருவான முற்போக்கு ஓவியர் குழுவில் இடம்பெற்று, மனிதரையும் குதிரையையும் சில கோடுகளிலேயே உயிரோடு நிறுத்தியவர் அவர். திரையரங்கு வாசல்களில் பேனர் எழுதியவர்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தக் கையின் வேகம் மிகவும் நெருக்கமானது. அவருடைய எண்ணெய் ஓவியம் எதையும் என்னால் வாங்க முடியாது. இந்த அச்சுப் படத்தை, சேமிப்பிலிருந்து எடுத்து, வாங்க முடியும்.

என் வீட்டாரோ, "அச்சடித்த படத்துக்கு இவ்வளவு பணமா? காலண்டர் படமும் அச்சடித்ததுதானே?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்குச் சரியான விடை சொல்ல விரும்புகிறேன். இது உண்மையிலேயே திரை அச்சுதானா என்று நானே எப்படிச் சோதிப்பது? தாளின் கீழ் ஓரத்தில் பழுப்புப் புள்ளிகள் இருக்கின்றன, கண்ணாடி தாளை ஒட்டியே கிடக்கிறது, பின்னால் பிளைவுட் அடித்திருக்கிறார்கள். கடற்காற்று வீசும் எங்கள் பகுதியில் இதை வைத்துக் காப்பாற்ற முடியுமா? அறிந்தவர்கள் வழிகாட்டுங்கள்.

மின்ட் தெரு அச்சகர் எழுதியது:

வணக்கம் அம்மா. ஆண்டர்சன் தெருக் கடைகளுக்குத் திருமண அழைப்பிதழ்களைத் திரை அச்சில் அடித்துக் கொடுப்பது என் தொழில். கலைப் படங்களின் விலை நிலவரம் எனக்குத் தெரியாது; தாளின் மேல் மை எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதை மட்டும் சொல்ல முடியும்.

காலண்டர் படம் ஆஃப்செட்டில் அடிப்பது. நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்ற நான்கே மைகளின் நுண்புள்ளிகள் பக்கத்தில் பக்கத்தில் விழுந்து, தொலைவிலிருந்து பார்க்கும்போது எல்லா நிறங்களுமாகத் தோன்றுகின்றன. பத்து மடங்கு பெரிதாக்கும் லூப் ஒன்றை வாங்கிப் படத்தின் மேல் வைத்துப் பாருங்கள். நான்கு நிறப் புள்ளிகள் சிறு பூவிதழ்களைப் போல வட்டமாகக் கூடியிருந்தால் அது ஆஃப்செட். அந்த இடத்திலேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம். புள்ளிகள் ஒழுங்கின்றித் தூவியதுபோல் மிக நுண்ணியதாகத் தெரிந்தால், கணினியிலிருந்து இங்க்ஜெட்டில் எடுத்தது.

திரை அச்சில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தனித் திரை உண்டு. சட்டத்தில் துணியை முறுக்காக இழுத்துக் கட்டி, அதன்மேல் எமல்ஷன் என்ற ஒளியில் இறுகும் பூச்சைப் பூசி, அந்த நிறம் விழ வேண்டிய இடம் மட்டும் கறுப்பாக உள்ள ஒளிபுகும் தாளை (பாசிட்டிவ்) வைத்து ஒளி காட்டுவோம். ஒளி பட்ட இடம் இறுகிவிடும். படாத இடம் தண்ணீரில் கழுவிப் போகும். அந்தத் திறந்த இடத்தின் வழியாக ஸ்குவீஜி என்ற ரப்பர் பட்டையால் மையைத் தள்ளினால் தாளில் ஒரு நிறம் விழுகிறது. அது காய்ந்த பிறகுதான் அடுத்த திரை. பன்னிரண்டு நிறம் உள்ள படமென்றால் ஒவ்வொரு தாளும் பன்னிரண்டு முறை மேசைக்கு வர வேண்டும், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் உட்கார வேண்டும். மயிரிழை நகர்ந்தாலும் அந்தத் தாள் கழிவுதான். இரண்டு கலர் அழைப்பிதழிலேயே ரெஜிஸ்டர், அதாவது நிறங்கள் ஒன்றோடொன்று பொருந்தும் இடம், தப்பாமல் அடிப்பது எவ்வளவு கடினம் என்பதை நாள்தோறும் பார்க்கிறேன். ஆகவே, "அச்சடித்ததுதானே" என்று கேட்கும் உங்கள் வீட்டார், நல்ல திரை அச்சு நடக்கும் மேசையருகே ஒரு மணி நேரம் நின்று பார்த்தால் போதும்.

சோதனைக்கு வருகிறேன். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துத் தாளைத் தாழ்ந்த கோணத்தில் பாருங்கள். மை தாளின் மேல் மெல்லிய ஏடாகப் படிந்திருக்கும். ஒரு நிறத்தின் மேல் இன்னொரு நிறம் ஏறும் விளிம்பில் சிறு மேடு தெரியும். லூப்பில் பார்த்தால் நிறம் புள்ளியின்றி நிறைந்திருக்கும். விளிம்புகளில் துணியின் இழை விட்ட நுண்ணிய பல்வரிசை சில இடங்களில் தென்படும். சாம்பல் நிறம் கரைவது போன்ற பகுதி இருந்தால் அங்கு மட்டும் ஒரே நிறத்தில் புள்ளிகள் இருக்கலாம். தூரிகையின் கரைவைத் திரைக்குக் கொண்டுவர அது ஒரு வழி. அதைப் பார்த்து ஆஃப்செட் என்று பயப்பட வேண்டாம்.

இவை எதையும் கண்ணாடிக்கு வெளியிலிருந்து உறுதியாகச் சொல்ல முடியாது. பிரேமைக் கழற்ற அவர்கள் சம்மதிக்காவிட்டால் வாங்காதீர்கள்.

பெரியமேடு பழைய மாணவர் எழுதியது:

அச்சகர் ஐயா சொன்னது படம் எந்த முறையில் அச்சானது என்பதற்கான சோதனை. பென்சில் எழுத்து யாருடையது என்பது வேறு கேள்வி. இரண்டையும் கலந்துவிடக் கூடாது.

ஈ.வெ.ரா. பெரியார் சாலையில் 1850இல் தொடங்கிய நம் கவின் கலைக் கல்லூரியில் படித்த காலத்தில் அச்சுக்கலை வகுப்பில் முதலில் கற்றது இதுதான்: ஓவியர் எத்தனை படிகள் (பிரதிகள்) என்று முன்பே தீர்மானித்து, அவற்றைப் பார்த்து ஏற்று, எண்ணிட்டுக் கையொப்பமிட்ட பிறகு திரைகளை அழித்துவிட்டால், அந்தப் படிகள் ஒவ்வொன்றும் மூலப் படைப்பு. வேறொரு ஓவியத்தைப் படமெடுத்து அச்சிட்டு விற்பது நகல். இந்தியாவில் திரை அச்சு என்று விற்கப்படுபவற்றில் பல, ஏற்கெனவே வரைந்த ஓவியத்தைப் பார்த்து அச்சகத்தார் நிறம் பிரித்து, ஓவியர் ஒப்புதலுடன் அடித்தவை. அவை தாழ்ந்தவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஓவியர் தாமே திரைக்கென்று வரைந்ததற்கும் இதற்கும் விலையில் வேறுபாடு இருக்க வேண்டும். விற்பவரிடம் அதை நேராகக் கேட்பது உங்கள் உரிமை.

62/150 என்பது 150 படிகளில் ஒன்று என்பதை மட்டுமே சொல்கிறது. செப்புத் தகட்டில் ஊசியால் கீறி எடுக்கும் அச்சில் தகடு தேய்ந்துகொண்டே போவதால் முந்திய படிகளுக்கு மதிப்பு அதிகம். திரை அச்சில் அந்தத் தேய்மானம் பொருட்படுத்தத் தக்கதாக இராது. எண் சிறியது என்று சொல்லி யாராவது விலையை ஏற்றினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இந்த 150க்கு வெளியே, ஓவியருக்கென ஒதுக்கும் படிகள் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்கு அளவில் இருக்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கையொப்பத்தைப் பற்றி நான் கவலைப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆண்டி வார்ஹால் 1967இல் மர்லின் மன்றோவின் முகத்தைப் பத்துத் திரை அச்சுகளாக, ஒவ்வொன்றிலும் 250 படிகளாக வெளியிட்டார். பின்னர் அதே முகங்கள் ஐரோப்பாவில் மீண்டும் அச்சாயின. அவற்றின் பின்புறம், கையொப்பத்தை வாங்குபவரே இட்டுக்கொள்ளலாம் என்ற முத்திரை இருந்தது. அவையும் திரை அச்சுகள்தாம். லூப்பின் சோதனையில் குறை காண முடியாது. உசேனின் பெயரில் போலிகள் சந்தையில் பெருகியிருப்பதை எல்லோரும் அறிவர். எனவே, தாளின் அளவு, அச்சான பகுதியின் அளவு, மொத்தப் படிகள் ஆகிய மூன்றையும் அளந்து எழுதிக்கொண்டு, சாஃப்ரன்ஆர்ட் போன்ற ஏல நிறுவனங்களின் இணையப் பதிவுகளில் இதே படத்தின் இன்னொரு படி விற்றிருக்கிறதா என்று தேடுங்கள். அளவு ஒரு சென்டிமீட்டருக்கு மேல் மாறினாலும் விளக்கம் கேட்க வேண்டும். கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாதெமியின் மண்டல மையத்தில் அச்சுக்கலைப் பட்டறை இருக்கிறது. அங்கு வேலை செய்யும் கலைஞர்களிடம் காட்டுங்கள். விற்பனையில் பங்கில்லாதவர்களின் கண் உங்களுக்குத் தேவை.

வியாசர்பாடி பிரேம்காரர் எழுதியது:

அந்தப் பழுப்புப் புள்ளிகள் ஈரத்தால் வந்தவை. தாளில் உள்ள இரும்புத் துகளும் பூஞ்சையும் ஈரக்காற்றில் சேர்ந்து செய்யும் வேலை அது. காற்றின் ஈரம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சைக்கு வசதியாகிவிடும்; நம் கடற்கரையோரத்தில் ஐப்பசி, கார்த்திகையில் அதற்கும் மேலேயே நிற்கும். புள்ளிகளை வெளுக்க யாராவது பிளீச்சிங் மருந்து தடவலாம் என்று சொன்னால் கேட்காதீர்கள். மையும் போகும், தாளும் நொறுங்கும். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் பொருள்களைப் பாதுகாக்கும் வேதியியல் பிரிவு நெடுங்காலமாக இயங்குகிறது. முதலில் அங்கு போய் ஆலோசனை கேளுங்கள்.

பிரேமை மாற்றித்தான் ஆக வேண்டும். பிளைவுட்டிலிருந்து வரும் அமிலம் ஆண்டுக்கு ஆண்டு தாளைப் பழுப்பாக்குகிறது. அமிலம் இல்லாத பருத்தி மவுண்ட் போர்டு முன்னும் பின்னும் வேண்டும். கண்ணாடி தாளைத் தொடக் கூடாது. தொட்டால் ஈரத்தில் மை கண்ணாடியோடு ஒட்டி, கழற்றும்போது உரிந்து வரும். உங்கள் படம் இப்போது அந்த நிலையில் இருக்கக்கூடும் என்பதால், பழைய பிரேமை நீங்களே கழற்ற வேண்டாம், பழகிய கை கழற்றட்டும். தாளை அட்டையில் முழுவதுமாக ஒட்டவோ செல்லோடேப் போடவோ கூடாது. கோதுமை மாவுப் பசையால் ஜப்பானியத் தாள் துண்டுகள் இரண்டை மேல் ஓரத்தில் ஒட்டித் தொங்கவிட்டால் போதும். ஓரங்களை எந்தக் காரணத்துக்காகவும் வெட்ட விடாதீர்கள். வெளிச்சுவரில் மாட்டாமல் உள்சுவரில், வெயில் படாத இடத்தில் மாட்டுங்கள். சட்டத்தின் கீழ் மூலைகளில் சிறு தக்கைகள் வைத்துச் சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்றுக்கு வழிவிடுங்கள். இவ்வளவும் செய்தால் காலடிப்பேட்டையிலும் நன்றாகவே இருக்கும்.

காலடிப்பேட்டை ஆசிரியை எழுதியது:

உங்கள் மூவருக்கும் நன்றி. வீட்டுக்காரர்கள் சம்மதித்ததால், பிரேம் வேலை தெரிந்த ஒருவரை அழைத்துச் சென்று பின்பக்கத்தைத் திறந்து பார்த்தோம். மை கண்ணாடியில் ஒட்டவில்லை. குதிரையின் பிடரியில் சிவப்பின் மேல் கறுப்பு ஏறும் இடத்தில் அச்சகர் ஐயா சொன்ன மேடு விரல் படாமலே கண்ணுக்குத் தெரிந்தது. நான்கு நிறப் புள்ளிகள் எங்கும் இல்லை. கழுத்தின் நிழலில் மட்டும் சாம்பல் புள்ளிகள் இருந்தன. பென்சில் எழுத்து சாய்ந்த வெளிச்சத்தில் பளபளக்கிறது. எழுதிய அழுத்தமும் தாளில் பதிந்திருக்கிறது. பிளைவுட்டுக்குள் மறைந்திருந்த தாளின் ஓரம் வெட்டுப்படாமல் இழைபிரிந்த நிலையில் இருக்கிறது. அளவுகளைக் குறித்துக்கொண்டேன். ஏலப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே விலை பேசுவதாகச் சொல்லியிருக்கிறேன். அவர்களும் காத்திருக்க ஒப்புக்கொண்டார்கள். இன்னும் ஒரு கேள்வி: வாங்கினால், எங்கள் பள்ளி ஆண்டு மலரின் அட்டையில் இதைப் போடலாமா?

பெரியமேடு பழைய மாணவர் எழுதியது:

மிக நல்ல செய்தி. நீங்கள் கண்ட அடையாளங்கள் எல்லாம் திரை அச்சுக்கு உரியவையே. கையொப்பம் பென்சிலால் இட்டது என்பது உறுதியாகிறது. யார் இட்டது என்பதை ஒப்பீடு செய்தே முடிவுக்கு வர முடியும்.

ஆண்டு மலருக்கு வேண்டாம் அம்மா. படியை வாங்குவதால் பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிடாது. நம் சட்டப்படி ஓவியர் மறைந்து 60 ஆண்டுகள் வரை அது தொடரும். உசேன் 2011 சூன் மாதம் லண்டனில் காலமானார் என்பதால் 2071 முடியும்வரை உரிமையாளரின் அனுமதி தேவைப்படும். மாணவர்களை வீட்டுக்கு அழைத்து மூலத்தையே காட்டுவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

விலை முடிவானால், ரசீதில் ஓவியரின் பெயர், திரை அச்சு என்ற குறிப்பு, 62/150 என்ற எண், இரண்டு அளவுகள், பழுப்புப் புள்ளிகள் இருக்கும் இடம், அவர்கள் முதலில் வாங்கிய காட்சிக்கூடத்தின் பெயர், நினைவிருந்தால் வாங்கிய ஆண்டு ஆகியவற்றை எழுதிக் கையொப்பம் பெறுங்கள். பழைய சான்றிதழையும் அதோடு சேர்த்து வையுங்கள், ஆனால் படத்தின் பின்னால் ஒட்டாதீர்கள்.