நெடுந்தீவில ஒரு பகல்: கண்டதும் கவனிக்க வேண்டியதும் (நாலு பேர் புனைபெயரில மாறி மாறிச் சொல்லினம்)

கல்வேலி:
குதிரை பாக்க வந்த ஒரு பிள்ளை, படம் எடுக்கவெண்டு முருகைக்கல் (பவளக்கல்) வேலியில ஏறினவ. மேல்கல்லு மூண்டு ஒண்டாச் சரிஞ்சுது. உரசின முழங்காலில வெள்ளைத் தூள் அப்பியிருந்தது இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது. அந்த வேலிக்குச் சாந்து இல்லை, கல்லின்ர பாரம்தான் பிடிச்சு வச்சிருக்கு. ஏறாதேங்கோ, சாயவும் வேண்டாம். காயம் பட்டால் நல்ல தண்ணியை நிறைய ஊத்தி, தூள் முழுக்கப் போகுமட்டும் மெல்லத் தேய்ச்செடுங்கோ. துணுக்கு உள்ள நிண்டால் புண் லேசில ஆறாது.

வாடைக்காத்து:
காயத்தைச் சொன்னியள், விழுந்த கல்லை விட்டிட்டியள். அந்த இடைவெளியால மாடு பாயும், பக்கத்துக் கல்லும் இளகும். வீட்டுக்காரரைக் கூப்பிட்டு அப்பவே திருப்பி அடுக்கோணும். அடியில பெருங்கல், மேல போகப்போகச் சின்னன். ஒவ்வொரு கல்லும் கீழ உள்ள ரெண்டு கல்லின்ர பொருத்தில குந்தோணும். ஆடினால் சல்லிக்கல்லை ஆப்பா இறுக்குங்கோ. ஓட்டையளை அடைக்க வேண்டாம், காத்து அதுக்குள்ளால பூந்து போகோணும்.

நல்லதண்ணி:
ரெண்டு பேரும் தண்ணியை மறந்திட்டியள். கிணத்தடியில ஒராள் கால் மண் போகவெண்டு வாளி வாளியா அள்ளி ஊத்தினார். குடத்தோட நிண்ட அம்மா ஒண்டும் சொல்லேல்லை. ஊத்தின தண்ணி கல்லுக்குள்ள இறங்கிறதையே பாத்துக்கொண்டு நிண்டா.

தீவில ஆறு இல்லை. மாரி மழை முருகைக்கல்லுக்குள்ளால இறங்கி, கீழ கிடக்கிற உப்புத்தண்ணிக்கு மேல மிதக்குது. உப்புத்தண்ணி பாரம் கூட, அதால லேசில கலக்காமல் நிக்குது. கடல்மட்டத்துக்கு மேல நிக்கிற நல்ல தண்ணி ஒரு அடி குறைஞ்சால், கணக்குப்படி அடியில உப்பு ஏறக்குறைய 40 அடி ஏறும். மெசின் போட்டு இழுக்கிற கிணறு உவராகிறது இதாலதான். மாலைதீவுப் பவளத்தீவுகளிலயும் இதே கணக்குத்தான். ஆளுக்கு 3 லீற்றர் யாழ்ப்பாணத்தில இருந்தே கொண்டு போங்கோ, வெறும் போத்தலைத் திருப்பிக் கொண்டு வாங்கோ. காலைக் கடலில கழுவலாம்.

இறங்குதுறை:
யாழ்ப்பாணத்தில இருந்து வாற 776 பஸ், நெடுந்தீவுப் படகு வெளிக்கிடுற குறிகட்டுவான் துறையில இறக்கும். நயினாதீவுப் படகும் அங்கதான் நிக்கும், கேட்டு ஏறுங்கோ. கடலில ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். நெடுந்தீவில இறங்கின உடன, ஓட்டோ பிடிக்க முதல், கடைசிப் படகு எத்தினை மணிக்கெண்டு விசாரியுங்கோ. சோளகக் (தென்மேற்குக் காத்து) காலத்தில படகின்ர வெளிப்பக்கம் இருக்கிற ஆக்களுக்கு மேல நல்லாக் கடல்தண்ணி தெறிக்கும். போனையும் மருந்தையும் பொலித்தீனில சுத்துங்கோ. ஒரு ஐயா கடதாசிப் பையில கொண்டு வந்த பிறசர் குளிசை, கரை சேர முதலே சட்டைப்பைக்குள்ள கரைஞ்சு போச்சு.