மரீனாவில் கட்டிக் கிடக்கும் படகு: நாங்கள் போகாத கிழமைகளில் எது பழுதாகிறது?

ஏரிக்காற்று கேட்டது:

வணக்கம் அண்ணாமார், அக்காமார். இந்த வசந்தத்தில் பாவித்த 24 அடி பைபர் படகு ஒன்று வாங்கினேன். பெற்றோல் எஞ்சின் உள்ளே, சுழலியைச் சுற்றும் மேர்குரூசர் அல்பா டிரைவ் பின்பலகைக்கு வெளியே. ரொறொன்ரோவில், ஒன்ராறியோ ஏரிக்கரையில் ஸ்காபரோ பிளஃப்ஸ் குன்றுகளுக்குக் கீழே உள்ள மரீனாவில் மே தொடங்கி ஒக்ரோபர் வரைக்கும் ஸ்லிப் (படகு கட்டும் இடம்) எடுத்திருக்கிறேன். வேலை காரணமாக இரண்டு மூன்று கிழமைக்கு ஒருமுறைதான் போக முடிகிறது.

போன சனிக்கிழமை போய்ப் பார்த்தால் கேபினுக்குள் பூஞ்சண மணம். பில்ஜில் (படகின் அடிப்பள்ளம்) விரல் மூழ்கும் அளவு தண்ணீர். டொக்கில் (படகுத்துறை மேடை) இருந்து படகுக்குக் கரண்ட் எடுக்கும் வயரின் முனையில் ஒரு துளை ஓரம் பழுப்பாகிக் கிடக்கிறது. டிரைவில் சில இடங்களில் பெயின்ற் கொப்புளித்து, சுரண்டினால் வெள்ளைத் தூள் வருகிறது. விற்றவர் சிங்க் அனோட் (டிரைவ் அரிக்காமல் இருக்கப் பூட்டும் உலோகத் துண்டு) புதிதாகப் போட்டதாகச் சொன்னார். அது கொஞ்சமும் தேயவில்லை, மேலே வெள்ளையாக ஒரு படை மட்டும். தேயாமல் இருப்பது நல்லதுதானே?

பக்கத்து ஸ்லிப்காரர் கரண்டைக் கழற்றிவிட்டுப் போகச் சொல்கிறார். கழற்றினால் பில்ஜ் பம்ப் நின்றுவிடாதா? எதில் இருந்து தொடங்குவது என்று விளங்கவில்லை. இன்னொன்று, பிள்ளைகள் டொக்கில் இருந்து குதித்து நீந்தக் கேட்கிறார்கள். தண்ணீர் அந்த இடத்தில் அமைதியாகத்தான் இருக்கிறது.

வடமராட்சியான் எழுதியது:

தம்பி, வாழ்த்துகள். நல்ல அளவான படகு. நீர் கேட்ட ஒழுங்கில் சொல்லாமல், படகைத் தாழ்க்கக் கூடியதை முதலில் சொல்கிறேன்.

ஓடுகிற படகை விட டொக்கில் கட்டிக் கிடக்கிற படகுதான் அதிகம் தாழ்கிறது என்று இன்சூரன்ஸ்காரர் எல்லாரும் சொல்வார்கள். ஓடும்போது மேலே ஆள் இருக்கிறது, சத்தம் மாறினால் தெரியும். கட்டிக் கிடக்கும்போது ஒரு சின்னக் கசிவுக்கு இரண்டு கிழமை அவகாசம் கிடைக்கிறது. ஆகவே பில்ஜ் தண்ணீரைச் சும்மா இறைத்துவிட்டு விடாதேயும். அது எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்தே ஆக வேண்டும்.

கடலில் என்றால் நாக்கில் வைத்துப் பார்த்து மழைத் தண்ணீரா கடல் தண்ணீரா என்று சொல்லிவிடலாம். எங்கள் ஏரியில் அது சரிவராது, இரண்டும் நன்னீர். எனவே பில்ஜைக் கடதாசித் துவாயால் ஒட்டத் துடைத்துக் காய வையும். மழை இல்லாத இரண்டு மூன்று நாள், எஞ்சினைத் தொடாமல் விடும். அப்போதும் தண்ணீர் வந்தால் கீழே இருந்து வருகிறது. மழைக்குப் பிறகு மட்டும் வந்தால் மேலே இருந்து. எஞ்சின் ஓடிய பிறகு மட்டும் வந்தால் குளிர்நீர்க் குழாய்களைப் பாரும்.

கீழே இருந்து என்றால் உம்முடைய படகில் நான் முதலில் சந்தேகப்படுவது பெல்லோஸ். டிரைவுக்கும் படகின் பின்பலகைக்கும் நடுவில் மடிப்பு மடிப்பாக இருக்கும் றப்பர்க் குழாய்கள் அவை. எஞ்சினின் சுழற்சியை டிரைவுக்குக் கொடுக்கும் மூட்டான யூ-ஜொயின்ரைச் சுற்றி இருப்பது கிழிந்தால் ஏரி நேராக உள்ளே வரும். வெளியே இருந்து பார்க்கும்போது நல்லாகத் தெரிந்தாலும் மடிப்பின் அடியில் வெடித்திருக்கும். பழைய உரிமையாளர் எப்போது மாற்றினார் என்பதற்குப் பற்றுச்சீட்டு இல்லையென்றால், இந்த முறை படகைத் தூக்கும்போது மாற்றிவிடும். வயதைத் தெரியாமல் அந்த றப்பரை நம்பி ஒரு பருவம் முழுக்க விடக்கூடாது. ஸ்லிப்பில் கிடக்கும்போது டிரைவைக் கீழே இறக்கியே வையும். தூக்கி வைத்தால் றப்பர் ஒரு பக்கம் இழுபட்டும் மறுபக்கம் மடங்கியும் நிற்கும், ஆயுள் குறையும். அவுட்போர்ட் எஞ்சின் வைத்திருப்பவர்களுக்கு இது நேர்மாறு, அவர்கள் தண்ணீருக்கு வெளியே தூக்கித்தான் வைக்க வேண்டும்.

மேலே இருந்து வருவதை ஆட்கள் மிகவும் குறைத்து மதிப்பிடுகிறார்கள். 2013 யூலை 8 அன்று ரொறொன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் மழை பெய்தது. உம்முடைய படகின் திறந்த தளம் பத்துச் சதுர மீற்றர் என்று வையும். அன்றைக்கு அதில் மட்டும் 1,260 லீற்றர் விழுந்திருக்கும், ஒரு தொன்னுக்கு மேல். அதை வெளியே விடுவது விரல் மொத்தத்தில் இரண்டு துளைகள். இலையும் கடற்காகத்தின் எச்சமும் அதில் அடைத்தால் தண்ணீர் பில்ஜுக்குத்தான் போகும். ஒவ்வொரு முறை போகும்போதும் அந்தத் துளைகளுக்குள் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாரும். மூடுதுணிக்கு நடுவில் கம்பு கொடுத்து உயர்த்தும். தொய்ந்தால் குளம் கட்டும், குளம் கட்டினால் தையல் பிரியும்.

பம்ப் பற்றிக் கேட்டீர். பில்ஜ் பம்ப் ஓடுவது 12 வோல்ற் பற்றறியில். டொக் கரண்ட் அந்தப் பற்றறியைச் சார்ஜ் பண்ணுவதோடு சரி. கரண்டைக் கழற்றினாலும் பம்ப் ஓட வேண்டும், மெயின் சுவிட்சை நிறுத்தினாலும் ஓட வேண்டும். சில படகுகளில் பழைய ஆட்கள் வயரை மெயின் சுவிட்சுக்குப் பின்னால் கொடுத்திருப்பார்கள். சுவிட்சை நிறுத்தி, ஒரு வாளி தண்ணீரைப் பில்ஜில் ஊற்றி, மிதவை எழும்ப பம்ப் தானாக ஓடுகிறதா என்று கண்ணால் பாரும். மிதவையைக் கையால் தூக்கிப் பார்ப்பது காணாது, ஊத்தை பிடித்த மிதவை கைக்கு எழும்பும், தண்ணீருக்கு எழும்பாது. பில்ஜில் எண்ணெய் மினுக்கம் தெரிந்தால் முதலில் எண்ணெய் உறிஞ்சும் துண்டைப் போட்டு எடுத்துவிடும். எண்ணெயை ஏரிக்குள் இறைப்பது குற்றம்.

இனி அந்த அனோட். தேயாமல் இருப்பது நல்லதல்ல தம்பி, அது வேலை செய்யவில்லை என்று அர்த்தம். டிரைவின் அலுமினியத்துக்குப் பதிலாகத் தான் கரைந்து போகத்தான் அதைப் பூட்டுவது. சிங்க் கடலுக்கு நல்லது. நன்னீரில் அதன்மேல் நீர் பார்த்த அந்த வெள்ளைப் படை பிடித்து அது அடங்கிவிடும். அப்புறம் கரைவது டிரைவ்தான், அந்தக் கொப்புளம் அதனால்தான். ஒன்ராறியோ ஏரிக்கு மக்னீசியம் போடும். டிரைவில் அனோட் ஓர் இடத்தில் மட்டும் இல்லை, டிரைவைத் தூக்கி இறக்கும் ட்ரிம் சிலிண்டர்களிலும் பாரும். பூட்டும் இடத்தில் பெயின்றைச் சுரண்டி, உலோகத்தோடு உலோகம் முட்டும்படி இறுக்கும். அனோட்டுக்கு மேல் பெயின்ற் அடிக்கவே கூடாது. பாதி கரைந்தால் மாற்றும். படகின் அடிக்கு அடிக்கிற செப்புப் பெயின்றை அலுமினிய டிரைவில் பூசவும் வேண்டாம், செப்பு அலுமினியத்தைத் தின்னும்.

பூஞ்சணத்துக்கு மருந்து காற்று. ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கிற வீடு மாதிரித்தான். மெத்தைகளைக் கிடத்தாமல் நிமிர்த்திச் சாய்த்து வையும், அலுமாரிக் கதவுகளைத் திறந்து விடும், குளிர்பெட்டியைக் காயத் துடைத்துத் திறந்தே வையும். சோலாரில் சுற்றுகிற சின்னக் காற்றாடி ஒன்றைக் கூரையில் பூட்டினால் டொக் கரண்ட் இல்லாமலே காற்று மாறும். மணம் வந்த பிறகு வாசனை அடிப்பதில் பிரயோசனம் இல்லை.

சிலந்தியையும் சொல்ல வேண்டும். எங்கள் ஏரிக்கரை முழுக்க அதுதான். அதன் எச்சம் வெள்ளை ஜெல்கோற்றில் (பைபரின் மேற்பூச்சு) கறுப்புப் புள்ளியாகக் காய்ந்தால் தேய்த்து எடுப்பது பெரும் பாடு. ஈரமாக இருக்கும்போது ஒரு துடைப்புக் காணும். பருவத் தொடக்கத்தில் நல்ல மெழுகு பூசிய படகில் இலகுவாகப் போகும். இரவில் வெளிவிளக்கை எரியவிட்டுப் போகாதேயும், வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்குச் சிலந்தி வரும்.

கயிறு பற்றி நீர் கேட்கவில்லை. ஆனாலும் இந்த ஏரியில் அது முக்கியம். கடல் மாதிரி வற்று பெருக்கு இல்லை என்று நினைத்து ஒரே நீளத்தில் கட்டிவிட்டுப் போகிறார்கள். ஏரி கோடைத் தொடக்கத்தில் உயர்ந்து இலையுதிர் காலம் முழுக்க இறங்கும். 2017இலும் 2019இலும் நிலையான டொக்குகள் பல தண்ணீருக்குள்ளேயே போயின. உம்முடையது மிதக்கும் டொக் என்றால் கவலை குறைவு, நிலையான டொக் என்றால் மாதா மாதம் கயிற்றைத் திருத்த வேண்டும். நைலோன் கயிறுதான் வேண்டும், அது இழுபட்டு அதிர்வைத் தாங்கும். கிளீற்றில் (கயிறு கட்டும் கொம்பு) உரசும் இடத்துக்குத் தோலோ பழைய தீயணைப்புக் குழாய்த் துண்டோ சுற்றும். முன்னும் பின்னும் மட்டும் கட்டாமல் குறுக்குக் கயிறு இரண்டு போட்டால் படகு முன்பின்னாக ஓடி டொக்கில் மோதாது.

கரண்ட் பற்றி எனக்குத் தெரிந்ததை விட மின்னற்கொடி தங்கச்சிக்கு நல்லாகத் தெரியும். அவர் வந்து சொல்லட்டும்.

மின்னற்கொடி எழுதியது:

அண்ணை கூப்பிட்டதால் வந்தேன். நான் லைசன்ஸ் எடுத்த எலெக்ரீசியன், மரீனா வேலைகளும் செய்கிறேன்.

தம்பி, முதலில் பிள்ளைகள். மரீனாவுக்குள் ஒருவரும் நீந்தக்கூடாது, தண்ணீர் எவ்வளவு அமைதியாக இருந்தாலும். ஏதோ ஒரு படகில், உங்களுடையதாக இருக்கவே தேவையில்லை, 120 வோல்ற் வயர் ஒன்று கசிந்தால் அந்தக் கரண்ட் தண்ணீருக்குள் இறங்கும். நன்னீரை விட மனித உடல் கரண்டை நன்றாகக் கடத்தும். அதனால் ஏரியில் அந்தக் கரண்ட் நீந்துபவரின் உடலைத் தேடி ஓடும். உப்பு நீரில் இந்த ஆபத்து மிகக் குறைவு. சில மில்லி அம்பியர் போதும், கை கால் இறுகி நீந்த முடியாமல் தாழ்ந்து போவார்கள். வெளியே இருந்து பார்ப்பவருக்குச் சாதாரணமாக மூழ்குவது மாதிரித்தான் தெரியும். காப்பாற்றப் பாய்ந்த ஆட்களும் இப்படி இறந்திருக்கிறார்கள். யாராவது தண்ணீருக்குள் கரண்ட் அடிக்கிறது என்று கத்தினால் பாயாதீர்கள். டொக்கின் பிரேக்கர்களை நிறுத்துங்கள், உயிர்காப்பு வளையத்தை எறியுங்கள், 911 அழையுங்கள். பிள்ளைகளிடம் இதை இன்றைக்கே சொல்லுங்கள்.

அடுத்தது அந்தப் பழுப்புத் துளை. அது சூட்டால் வந்தது. முனை தளர்வாக முட்டியதால் அங்கே சூடேறி எரியத் தொடங்கியிருக்கிறது. மரீனாக்களில் படகு எரிவதற்கு இது வழக்கமான காரணம். அந்த வயரை இனிப் பாவிக்க வேண்டாம். படகில் அது செருகும் வாயையும் சேர்த்து மாற்றுங்கள், எரிந்த வாயில் புது வயரைச் செருகினால் புதியதும் எரியும். செருகி, திருப்பிப் பூட்டி, வயர் முனையில் உள்ள பூட்டு வளையத்தையும் முறுக்க வேண்டும். பலர் வளையத்தை விட்டுவிடுகிறார்கள். டொக் பிரேக்கரை நிறுத்திவிட்டு, முதலில் படகுப் பக்கம், பிறகு டொக் பக்கம் செருகுங்கள். கழற்றும்போது முதலில் டொக் பக்கம். வீட்டு எக்ஸ்ரென்சன் வயர் வேண்டவே வேண்டாம்.

பக்கத்துக்காரர் கழற்றச் சொன்னதும் சரியான ஆலோசனைதான். அந்த வயரில் உள்ள பச்சைக் கம்பி உங்கள் படகையும் டொக்கில் செருகியிருக்கும் மற்ற எல்லாப் படகுகளையும் ஒன்றாக இணைக்கிறது. அடுத்த படகில் வெண்கலச் சுழலி இருந்து உங்களுடையது அலுமினிய டிரைவ் என்றால், அந்தப் படகுக்கும் சேர்த்து உங்கள் டிரைவ் கரையும். வேலை செய்யாத சிங்க்கோடு இதுவும் சேர்ந்திருக்கலாம். கல்வனிக் ஐசொலேற்றர் என்று ஒரு பெட்டி இருக்கிறது. பச்சைக் கம்பியில் இடைமறித்துப் பூட்டினால் இந்தச் சின்ன நேர்மின் ஓட்டத்தைத் தடுக்கும், உண்மையான கசிவு வந்தால் பாதுகாப்புக்கு வழிவிடும். இதற்கு மாற்றாகப் பச்சைக் கம்பியை வெட்டிவிடச் சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள். அதைச் செய்யாதீர்கள், உயிர் போகிற வேலை அது.

ஏரிக்காற்று எழுதியது:

அக்கா, பிள்ளைகளைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். இனிக் கேட்கமாட்டார்கள். வயரைக் கழற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அண்ணை, நீங்கள் சொன்னபடி துடைத்துக் காய வைத்தேன். மூன்று நாள் வெயில், பில்ஜ் காய்ந்தே கிடந்தது. நேற்று மழைக்குப் பிறகு போனால் தண்ணீர். இடது பக்கத் துளையில் வாளியை ஊற்றினேன், தண்ணீர் நின்றுவிட்டது. உள்ளே இலைச்சேறு. மெயின் சுவிட்சை நிறுத்தியும் பம்ப் ஓடியது. இன்னும் இரண்டு கேள்வி. அடுத்த கோடையில் ஆயிரம் தீவுகள், முடிந்தால் மொன்றியல் வரைக்கும் போக ஆசை. மக்னீசியத்தை மாற்ற வேண்டுமா? மற்றது, ஸ்லிப்பில் ஒக்ரோபர் கடைசி வரைக்கும் விடலாமா?

வடமராட்சியான் எழுதியது:

மேலே இருந்துதான் வந்திருக்கிறது, சந்தோஷம். ஆனாலும் பெல்லோஸைத் தூக்கும்போது பார்க்க மறக்காதேயும்.

மொன்றியல் வரைக்கும் சென் லோறன்ஸ் ஆறு நன்னீர்தான், கியூபெக் நகரம் வரைக்கும்கூட. மக்னீசியத்தோடு போகலாம். அதைத் தாண்டிக் கீழே இறங்கி உப்புக் கலக்கும் இடங்களுக்குப் போவதென்றால் அலுமினிய அனோட் போடும், அது இரண்டிலும் வேலை செய்யும். உப்பில் மக்னீசியம் மளமளவென்று கரைந்துவிடும். புறப்பட முதல் ஒவ்வொரு தடவையும் புளோவரை (பில்ஜில் உள்ள ஆவியை வெளியே இழுக்கும் விசிறி) 4 நிமிடமாவது ஓட விட்டுத்தான் எஞ்சினை முடுக்க வேண்டும். பெற்றோல் ஆவி பில்ஜில்தான் தேங்கும்.

ஒக்ரோபர் கடைசி வரை விடாதேயும். தூக்கும் பட்டியல் நிறைந்துவிடும், அதற்குள் ஓர் இரவு உறைந்தால் போதும். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பருக்கும், எஞ்சின் புளொக் வெடிக்கும். தண்ணீரில் கிடக்கும் படகுக்கு ஏரியின் சூடு கொஞ்சம் காவல், தூக்கி வெளியில் வைத்த படகுக்கு அதுவும் இல்லை. எனவே தூக்கிய அன்றைக்கே புளொக்கையும் மனிபோல்டையும் (புகை வெளியேறும் குழாய்) வடித்து, இளஞ்சிவப்பு அன்ரிபிறீஸ் (உறையாத திரவம்) விடச் சொல்லும். வடிதுளைகள் துருவால் அடைபட்டிருக்கும், தண்ணீர் வராவிட்டால் காலி என்று நினைக்காமல் கம்பியால் குத்திப் பார்க்க வேண்டும். அடியில் குவாகா சிப்பி (வெளியில் இருந்து வந்து ஏரிகளில் பரவும் சிறு சிப்பி) ஒட்டியிருந்தால் அங்கேயே சுரண்டிக் கழுவும். 2022இல் இருந்து ஒன்ராறியோவில் படகைத் தெருவில் கொண்டுபோக முதல் துப்புரவாக்கி, வடிதுளை மூடிகளைக் கழற்றி, தண்ணீரை வடிப்பது சட்டம்.

தொழிலாளர் தினம் முடிந்த கிழமையே மரீனா அலுவலகத்துக்கு அழைத்துத் தூக்கும் நாளைப் பதிந்துவிடும். பெல்லோஸ் மாற்றுவதையும் அதே அழைப்பில் சொல்லும், றப்பர்ச் சாமான்களை அவர்கள் முன்கூட்டி எடுத்து வைக்க வேண்டி வரும்.