40 வயதுக்கு மேல் புல்லாங்குழல்: புதுப்பிப்பு

ஊதினால் வெறும் காற்றுதான் வருகிறது, விரலும் எட்டவில்லை, இந்த வயதில் தொடரலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். குட்டையான குழலுக்கு மாறச் சொன்னீர்கள். மாறிவிட்டேன். துளைகள் நெருக்கமாக இருப்பதால் விரல் பிரச்சினை தீர்ந்தது.

காற்றுக்குத்தான் நாள் பிடித்தது. உதட்டை இறுக்காமல், குழலை மெல்ல உருட்டிக் கோணம் தேடியதில் நாதம் பிடிபட்டது. இப்போது மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை என்ற ஆரம்பப் பாடம், இரண்டாம் காலம் (இரட்டிப்பு வேகம்) வரை. மூன்றாம் காலம் என்றால் மோதிர விரல் வேலைநிறுத்தம்தான்.

அப்புறம் ஒரு புதுத் தலைவலி. கிருஷ்ணகிரியில் மார்கழி விடியற்காலை எப்படி இருக்கும் என்று தெரியுமே. சுருதி கொடுக்கும் தம்புரா செயலியோடு குழலின் ஸட்ஜம் (ஸ) சேரவே இல்லை, சற்று இறங்கியே நின்றது. குழலில் கோளாறோ என்று ஆசிரியரிடம் கொண்டுபோனேன். “குளிர்ல சுருதி இறங்கத்தான் செய்யும் சார், கொஞ்ச நேரம் ஊதிச் சூடாக்கிட்டு அப்புறம் சேருங்க” என்றார். சேர்கிறது. கோடையில் இதற்கு நேர்மாறு, சுருதி ஏறிவிடும். அதோடு வெயிலில் நிற்கும் காரில் குழலை விட்டுவைத்தால் மூங்கில் விரிசல் விடும்.

அடுத்தது ஜண்டை வரிசை. அதில் வரும் இரட்டை ஸ்வரங்களை (ஸஸ, ரிரி) விரலால் தட்டிப் பிரிக்கச் சொல்கிறார் ஆசிரியர். எனக்கோ காற்றை வெட்டிப் பிரிக்க நாக்குதான் முந்துகிறது. குழல் வாசிப்பவர்கள் இதை எப்படிப் பழகினீர்கள்?