ஷீட் உடைந்து விழுந்த தம்பிக்கு இழப்பீடு: யார் மேல் மனு போடுவது?

சேலம் சூரமங்கலத்தில் இருக்கிறோம். ஷீட் வேலை பார்க்கும் என் தம்பி போன ஆடி மாதம் ஏற்காடு அடிவாரத்தில் ஒரு குடோன் கூரையில் பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டைக் கழற்றும்போது, கால் வைத்த ஷீட் உடைந்து சுமார் 18 அடி கீழே சிமென்ட் தரையில் விழுந்துவிட்டான். மேலே நடக்கப் பலகை போடவில்லை, பெல்ட்டும் தரவில்லை. முதுகெலும்பில் எல்1 (இடுப்புப் பகுதியின் முதல் எலும்பு) முறிவு. ஆபரேஷன் முடிந்தும் இடது பாதம் மரத்தே கிடக்கிறது, செருப்பு கழன்றால்கூட அவனுக்குத் தெரிவதில்லை.

முதலில் கொஞ்சம் பணம் கொடுத்த மேஸ்திரி இப்போது போனே எடுப்பதில்லை, குடோன்காரரோ மேஸ்திரியைக் கேளுங்கள் என்கிறார். இ.எஸ்.ஐ. கிடையாது. நல வாரிய அட்டையும் புதுப்பிக்காமல் கிடக்கிறது. ஸ்டேஷனில் மனு ரசீது வாங்கியாச்சு, அப்புறம் டிஸ்சார்ஜ் சம்மரி, கூலி வந்த ஜிபே பதிவு இருக்கிறது, கூட வேலை பார்த்தவர்கள் சாட்சி சொல்லவும் தயார்.

தொழிலாளர் துறையில் இழப்பீட்டு மனு போடும்போது மேஸ்திரி, குடோன் உரிமையாளர் இரண்டு பேரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்கலாமா?