கலைச்சொல் வேண்டும்: தொலைக்காட்சி ‘ஒயிட் ஸ்பேஸ்’

மடல் 1

வணக்கம்.

தொலைத்தொடர்புச் சொல்தொகுதியில் ‘டிவி ஒயிட் ஸ்பேஸ்’ இன்னும் ஒலிபெயர்ப்பாகவே நிற்கிறது. தொலைக்காட்சிக்கென ஒதுக்கிய அலைக்கற்றையில், ஒரு வட்டாரத்தில் எந்த நிலையமும் ஒளிபரப்பாத சேனல்களை எடுத்து, அவற்றின் வழியே கிராமங்களுக்கு அகலப்பட்டை (பிராட்பேண்ட்) இணையம் கொடுப்பது என்பது பொருள். இதுவரை வந்த பரிந்துரைகள்: வெள்ளை இடைவெளி, வெற்றலைவரிசை, பயன்படா அலைவரிசை. இவற்றில் ஒன்றைத் தேரலாமா, புதிதாக ஆக்க வேண்டுமா?

மடல் 2

> வெள்ளை இடைவெளி, வெற்றலைவரிசை, பயன்படா அலைவரிசை

மூன்றுமே சரிவராது ஐயா.

கடைசியிலிருந்து வருகிறேன். ‘பயன்படாத’ என்றால் உதவாதது. நாம் சொல்ல வந்தது ‘பயன்படுத்தாத’. தொலைக்காட்சிப் பட்டையின் மேல்பகுதியைப் பல நாடுகள் பிரித்தெடுத்துச் செல்பேசிக்கு ஏலம் விட்டிருக்கின்றன. அதைப்போய் உதவாதது என்பதா?

‘இடைவெளி’ அமெரிக்க நிலைமைக்குப் பொருந்தும். அங்கே ஒரு சேனல் 6 மெகாஹெர்ட்ஸ். அனலாக் காலத்தில் ஒரே நகரில் அடுத்தடுத்த சேனல்களை ஒதுக்கினால் ஒன்றையொன்று கெடுக்கும் என்று நடுவே விட்டுவிட்டுக் கொடுத்தார்கள். விட்டவை உண்மையிலேயே இடைவெளிகள். இந்தியாவில் கதை வேறு. தரைவழி ஒளிபரப்பு தூர்தர்ஷனுக்கு மட்டும். 2014 வாக்கில் அதற்கு 470 முதல் 590 மெகாஹெர்ட்ஸ் வரை, 8 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 15 சேனல்கள் இருந்தன. 2014-இல் ஐஐடி பம்பாய் குழு வெளியிட்ட கணக்கீட்டில், நாட்டின் ஏறக்குறைய எல்லா இடங்களிலும் 15-இல் குறைந்தது 12 சும்மா கிடந்தன. 15-இல் 12 என்றால் அது இடைவெளி அல்ல, ஏறத்தாழ முழுப் பட்டையே.

‘வெற்று’ என்பதில்தான் பெரிய சிக்கல். ஒரு சேனல் காலியா இல்லையா என்பதைக் காதால் கேட்டு முடிவு செய்ய முடியாது. கருவி பள்ளத்தில் இருக்கலாம், நடுவே குன்று இருக்கலாம்; அதன் ஏற்பிக்கு (ரிசீவருக்கு) ஒன்றும் கேட்காது. பக்கத்து மேட்டில் உள்ள வீட்டுக் கூரை ஆன்டெனாவுக்கோ அதே சேனலில் படம் தெளிவாக விழும். காலி என்று நம்பி நாம் அலையை விட்டால் அந்த வீட்டில் படம் போய்விடும். அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஒழுங்காணையமான எஃப்சிசி 2008-இல் −114 டிபிஎம் (மில்லிவாட்டோடு ஒப்பிடும் டெசிபல் அளவு) வரை, அதாவது மிக மெலிந்த அலையையும், உணரும் திறனைக் கட்டாயமாக்கியது. 2010-இல், இருப்பிடத்தைச் சொல்லித் தரவுத்தளத்தைக் கேட்டுக்கொள்ளும் கருவிகளுக்கு அதைத் தளர்த்தியது. ஆக, காலி என்பது பதிவேட்டுக் கணக்கு.

சொல்லுக்குள் மூன்று செய்திகள் இருக்க வேண்டும்: உரிமை இன்னொருவருடையது, இந்த இடத்தில் அவர் ஆளவில்லை, அவர் வந்தால் நாம் விலக வேண்டும்.

மடல் 3

முதலில் ‘அலைவரிசை’யைக் கழற்றிவிட வேண்டும். நிலையத்தின் பெயருக்கும் அதுதான், அதிர்வெண்ணுக்கும் அதுதான், சேனலுக்கும் அதுதான். அதிர்வெண் அதிர்வெண்ணாகவே இருக்கட்டும். 2ஜி செய்திகள் புண்ணியத்தில் அலைக்கற்றை வீடுதோறும் தெரியும். சேனலின் தொழில்நுட்பப் பொருளுக்கு ‘அலைத்தடம்’, சுருக்கமாகத் ‘தடம்’ என்று வைத்துக்கொண்டால் முன்னொட்டு மட்டும்தான் பாக்கி. என்னிடம் உள்ளவை:

ஒழிதடம் (ஒழிந்த நேரம் என்கிறோமே, அந்த ஒழிவு)
காலித்தடம்
தரிசுத்தடம்

தரிசுக்கே என் வாக்கு. பட்டா ஒருவர் பெயரில் இருக்கும், இந்தப் போகம் அவர் உழவில்லை, கேட்டுக்கொண்டு இன்னொருவர் விதைக்கலாம், உடையவர் ஏர் பூட்டினால் இவர் கரையேற வேண்டும். மேலே கேட்ட மூன்றும் அதில் இருக்கின்றன. ‘புறம்போக்கு’ என்று ஒருவர் தனிமடலில் எழுதியிருந்தார். அது யார் பெயரிலும் பட்டா இல்லாத நிலம், பொருள் பொருந்தாது. வசவாகவும் ஆகிவிட்டது.

மடல் 4

ஒழிதடம் வேண்டவே வேண்டாம். ஒலிபரப்பு, ஒளிபரப்பு நடக்கும் இடத்தில் ஒழிதடம் என்று ஒருவர் வாயால் சொல்லி, இன்னொருவர் கேட்டு எழுதினால் மூன்று ழகர லகர ளகரமும் கலந்துவிடும். பயிற்சி வகுப்பில் சொல்லிப் பாருங்கள்.

மடல் 5

தலைச்சொல் எதுவானாலும், கோபுரத்தில் ஏறுகிறவருக்கு உதவும் துணைச்சொற்களும் கூடவே வர வேண்டும். எவை என்று தெரிய, வேலை எங்கே பிசகுகிறது என்று பார்க்கலாம்.

முதல் பிசகு உயரம். 600 மெகாஹெர்ட்ஸ் மரம், இலை தாண்டிப் போகும் என்று கேள்விப்பட்டுக் குட்டைக் கம்பத்தில் கட்டிவிடுகிறார்கள். அதே தூரத்துக்கு 5.8 கிகாஹெர்ட்ஸைவிட இழப்பு ஏறத்தாழ 20 டெசிபல் குறைவு என்பது மெய்தான். ஆனால் ஃபிரெனெல் மண்டலம், அதாவது இரு ஆன்டெனாக்களுக்கு நடுவே அலை பரவிச் செல்லும் முட்டை வடிவ வெளி, பெரிது. 10 கிலோமீட்டர் இணைப்பின் நடுப்புள்ளியில் அதன் ஆரம் 5.8 கிகாஹெர்ட்ஸில் 11 மீட்டர் சொச்சம். 600 மெகாஹெர்ட்ஸில் 35 மீட்டர். அதில் 60 விழுக்காடாவது தடையின்றி இருக்க வேண்டும், அதாவது 21 மீட்டர். கம்பம் குட்டையானால் தரையே மண்டலத்தின் கீழ்ப்பாதியைத் தின்றுவிடும், சேமித்த டெசிபலில் பெரும்பங்கு அங்கேயே போய்விடும். இதற்கு ‘தடையிலா ஆரம்’ என்று ஒரு சொல் தேவை.

இரண்டாவது, திறன். அமெரிக்க விதியில் நிலைக்கருவிக்கு அடிப்படை வரம்பு 1 வாட், ஆன்டெனா ஈட்டம் (அலையை ஒரு திசையில் குவித்துக் கூட்டுவது) 6 டிபிஐ, அது நான்கு மடங்கு, சேர்த்தால் 4 வாட். 12 டிபிஐ ஆன்டெனா மாட்டினால் அனுப்பியை 250 மில்லிவாட்டுக்கு இறக்க வேண்டும். அப்படியானால் பெரிய ஆன்டெனா வீணா? இல்லை. ஏற்கும் பக்கத்தில் அந்த ஈட்டம் முழுதாகக் கிடைக்கும், பக்கவாட்டுக் குறுக்கீடும் குறையும். கருவியைக் கீழே அறையில் வைத்து வடம் இழுப்பதுதான் வீண்: இழப்பு குறைவான எல்எம்ஆர்-400 வடம்கூட இந்த அதிர்வெண்ணில் 30 மீட்டருக்கு 3 டெசிபல், அதாவது பாதித் திறனை விழுங்கும். கருவியை உச்சியில் கட்டி, ஈதர்நெட் கம்பியிலேயே மின்சாரம் ஏற்றுங்கள்.

மூன்றாவது, பக்கத்தில் வலுவான தொலைக்காட்சிக் கோபுரம் இருந்தால் நம் தடம் சும்மா இருந்தும் ஏற்பி திணறும். நம் தடத்தை மட்டும் உள்ளே விடும் ‘பட்டை வடிப்பி’ போட வேண்டும்.

நான்காவது, மின்சாரம். 20 வாட் கருவி நாள் முழுக்க ஓடினால் 480 வாட்மணி. 12 வோல்ட், 100 ஆம்பியர்மணி ஈயமின்கலத்தைப் பாதிக்குமேல் வடிக்கக்கூடாது என்றால் கையில் 600 வாட்மணி. மேகமூட்டம் இரண்டாம் நாளும் நீடித்தால் இணைப்பு படுத்துவிடும். கென்யாவில் நன்யுகி அருகே 2013-இல் தொடங்கிய மவிங்கு ஊரக இணையத் திட்டம் போலச் சூரிய மின்சாரத்தை நம்பும் திட்டங்கள் இந்தக் கணக்கை முதலிலேயே போட்டாக வேண்டும்.

இன்னொன்று, இதை ஊர் மக்களுக்கும் விளக்கமாகச் சொல்ல வேண்டும்: அவர்கள் செல்பேசி இந்தத் தடத்தில் நேராகப் பேசாது. மகாராஷ்டிரத்தின் பால்கர் பகுதியில் ஐஐடி பம்பாய் செய்த சோதனையிலும் தொலைக்காட்சி அதிர்வெண் ஊர்வரை இணையத்தைக் கொண்டுவரும் நடுவழி இணைப்புக்கு மட்டும், ஊருக்குள் பயனர்வரை போகும் கடைவழிக்கு வைஃபைதான். ஆகவே ‘நடுவழி இணைப்பு’, ‘கடைவழி இணைப்பு’ இரண்டும் வேண்டும்.

மடல் 6

> தரிசுக்கே என் வாக்கு.

எனக்கு ஒரு நெருடல். தரிசு என்றதும் விளையாத நிலம் என்று ஒரு நிழல் விழுகிறது. பயன்படாவைத் தள்ளிய அதே காரணம் இதற்கும் பொருந்தாதா?

மடல் 7

நிழல் உண்டு அம்மா. ஆனால் மண்ணே கெட்டதைக் களர் என்கிறோம், உவர் என்கிறோம். தரிசு என்பது பயிரிடாமல் போட்டது. தரிசை உடைத்தார்கள் என்றால் விளைவித்தார்கள் என்றே பொருள். ‘காலி’ எளிதுதான், ஆனால் அதில் உரிமையாளர் தெரியமாட்டார். வரைவு கீழே:

தரிசுத்தடம்: தொலைக்காட்சி ஒளிபரப்புக்கு ஒதுக்கப்பட்டு, குறிப்பிட்ட இடத்திலும் நேரத்திலும் ஒளிபரப்பாளர் ஆளாத அலைத்தடம். ஒளிபரப்புக்கு இடையூறு செய்யாத வரை, உரிமமின்றியோ எளிய உரிமத்திலோ வேறு கருவிகள் பயன்படுத்தலாம்.

தரிசுத்தடக் கருவி, தரிசுத்தடத் தரவுத்தளம் இயல்பாகவே கிளைக்கின்றன. தரவுத்தளத்தை நேரே கேட்பது முதன்மைக் கருவி. அதன் சொற்படி தடம் மாறுவது சார்புக் கருவி. ஆண்டான், அடிமை என்ற பழைய மொழிபெயர்ப்பை இங்கே ஏற்ற வேண்டாம்.

மடல் 8

ஒப்புகிறேன். ‘இசைவுக்காலம்’ என்றொரு சொல்லையும் சேருங்கள். தரவுத்தளம் தரும் அனுமதி நிலையானதல்ல. எஃப்சிசியின் 2010 விதிப்படி நாளுக்கொரு முறை கேட்க வேண்டியிருந்தது. ஒரு நாள் தொடர்பு கிடைக்காவிட்டால் மறுநாள் இரவு 11:59 வரை ஓட விட்டார்கள், பிறகு நிறுத்தியாக வேண்டியிருந்தது. ஊரில் இணைப்பு போனதும் ஆன்டெனாவைத் திருப்பி, வடத்தைச் சோதித்து அலைகிறார்கள். கருவி நல்லபடியாகத்தான் இருக்கும், தரவுத்தளத்தை எட்டும் மேலிணைப்பு அறுந்து இசைவுக்காலம் முடிந்திருக்கும். பழுதுநீக்கப் பட்டியலில் அதைத்தான் முதல் வரியாகப் போட வேண்டும்.